கேமராவிலிருந்து கணக்குப் புத்தகத்துக்கு: வெளிநாட்டில் வணிகம் படிக்கச் செல்லும் ஆப்பிரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர்கள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆப்பிரிக்க நாடுகளில் வீட்டுக்கு வீடு முகம் தெரிந்த இளம் தொலைக்காட்சித் தொகுப்பாளர்கள் சிலர், நிகழ்ச்சி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே அதிலிருந்து விலகி, அமெரிக்காவிலோ பிரிட்டனிலோ பிரான்சிலோ வணிகக் கல்வி பெறச் செல்கிறார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இந்த முடிவு எளிதில் விளங்குவதில்லை. அதைப் பற்றிப் பலரும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. கென்யா, நைஜீரியா, கானா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளின் அனுபவமே பேசப்படுகிறது. பிரெஞ்சு வழங்கும் மேற்கு ஆப்பிரிக்காவின் நிலைமை வேறானது என்பதால் அது இதில் சேரவில்லை.

பேரும் புகழும் இருக்கும் ஒருவர் எதற்காக மீண்டும் மாணவராக வேண்டும்?

திரையில் நாம் பார்ப்பது அவருடைய வேலையில் ஒரு பகுதிதான். நைஜீரியாவில் பல ஆண்டுகளாக நிலைத்துவிட்ட வழக்கப்படி, தனியார் தயாரிப்பாளர் ஒருவர் நிகழ்ச்சி செய்ய விரும்பினால் தொலைக்காட்சி நிலையம் அவருக்குப் பணம் தருவதில்லை. அவர்தான் நிலையத்துக்கு ஒளிபரப்பு நேரக் கட்டணத்தைச் செலுத்தி, விளம்பரதாரரையும் தேடிப் பிடித்து, படப்பிடிப்புச் செலவையும் ஏற்க வேண்டும். தமிழ் நெடுந்தொடர்த் தயாரிப்பாளர்கள் ஸ்லாட் கட்டணம் செலுத்தி, விளம்பர நேரத்தைத் தாங்களே விற்ற முறையை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. வேறுபாடு என்னவென்றால், நைஜீரியாவில் அந்தத் தயாரிப்பாளர் பல வேளைகளில் தொகுப்பாளரேதான். காலையில் விளம்பர நிறுவனத்தின் மேலாளரிடம் ஒப்பந்தம் பேசியவர், மாலையில் ஒப்பனை போட்டுக்கொண்டு சிரித்த முகத்துடன் கேமராவுக்கு முன் நிற்கிறார்.

ஆகவே அவர் வணிகம் படிக்கப் போவது தொழிலை விட்டுவிட்டு வேறு துறைக்குத் தாவுவதாகாது. ஏற்கெனவே கண்ணைக் கட்டிக்கொண்டு நடத்திவந்த வணிகத்தைக் கண்ணைத் திறந்து நடத்தக் கற்றுக்கொள்ளவே அவர் போகிறார். இந்தப் பக்கத்தில் மற்ற விடைகள் எல்லாம் இந்த ஒரு கருத்தை ஒட்டியே எழுதப்பட்டுள்ளன.

அனுபவத்தில் கற்க முடியாத எதை வணிகப் பள்ளி கற்றுத் தருகிறது?

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் விளங்கும். எண்கள் உதாரணத்துக்காக எடுத்துக்கொண்டவை; ஆனால் கணக்கின் போக்கு உண்மையானது.

நைஜீரியாவின் லாகோஸ் நகரில் ஒருவர் வாரம் ஒரு நிகழ்ச்சி நடத்துகிறார். தொலைக்காட்சியில் ஒரு காலாண்டு என்பது 13 வாரம், அதாவது 13 பகுதிகள். ஒரு பகுதிக்கு ஒளிபரப்பு நேரக் கட்டணம் 5 லட்சம் நைரா (நைஜீரிய நாணயம்). அதை 13 பகுதிகளுக்கும் முன்கூட்டியே கட்ட வேண்டும், ஆக 65 லட்சம். படப்பிடிப்பு, எடிட்டிங், சம்பளம் எல்லாம் சேர்த்து ஒரு பகுதிக்கு 4 லட்சம், ஆக 52 லட்சம். மொத்தச் செலவு 1 கோடியே 17 லட்சம். விளம்பரதாரர் ஒருவர் காலாண்டு முழுமைக்கும் 1 கோடியே 50 லட்சம் தர ஒப்புக்கொள்கிறார். லாபம் 33 லட்சம் என்று தொகுப்பாளர் மகிழ்ந்துபோகிறார்.

விளம்பர ஏஜென்சியின் கமிஷனை 15 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 22.5 லட்சம் கழிந்துவிடும். மிஞ்சுவது 10.5 லட்சம். அந்தப் பணமும் உடனே கைக்கு வராது. கடைசிப் பகுதி ஒளிபரப்பாகி 90 நாள் கழித்துத்தான் காசோலை வரும். அதுவரை செலவு முழுவதும் கடன் வாங்கிய பணத்தில் நடக்கிறது. நைஜீரிய மத்திய வங்கியின் அடிப்படை வட்டி விகிதமே 2024 இறுதியில் 27.5 சதவீதமாக இருந்த நிலையில், வணிக வங்கிக் கடனுக்கு ஆண்டுக்கு 30 சதவீத வட்டி என்று கொள்வது மிகையல்ல. முன்கூட்டிக் கட்டிய 65 லட்சத்துக்கு ஆறு மாத வட்டி 9.75 லட்சம், வாரவாரம் செலவான 52 லட்சத்துக்குச் சராசரியாக நாலரை மாத வட்டி 5.85 லட்சம். இரண்டையும் கூட்டினால் 15.6 லட்சம். லாபம் என்று நினைத்தது 5 லட்சத்துக்கும் மேற்பட்ட நட்டமாகிவிடுகிறது.

நிகழ்ச்சிக்கு நல்ல பெயர், விளம்பரதாரருக்கு மகிழ்ச்சி, தெருவில் இறங்கினால் கூட்டம் கூடுகிறது. ஆனால் ஒவ்வொரு காலாண்டும் கடன் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. காரணம் தெரியாமல் பல ஆண்டுகள் இப்படியே உழைப்பவர்கள் உண்டு. லாபம் வேறு, கையிருப்பு ரொக்கம் வேறு என்பதை எம்.பி.ஏ. வகுப்பில் முதல் பருவத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். இதை அறிந்தவர், விலையைக் குறைத்தாவது பாதித் தொகையை முன்பணமாகக் கேட்பார். அல்லது கட்டணம் வாங்காமல் விளம்பர வருவாயைப் பகிர்ந்துகொள்ளும் நிலையத்தைத் தேடுவார்.

இப்படிச் சென்று படித்தவர் எவரேனும் உண்டா?

இன்று மிகவும் அறியப்பட்டவர் கென்யாவின் லாரி மடோவோ. 1987-ல் பிறந்து, சியாயா பகுதியில் வளர்ந்த அவர், டேஸ்டார் பல்கலைக்கழகத்தில் படித்தார். கேடிஎன் தொலைக்காட்சியில் பயிற்சியாளராகத் தொடங்கி, பின்னர் ஜோகன்னஸ்பர்க்கில் சிஎன்பிசி ஆப்பிரிக்கா வணிகச் செய்தி அலைவரிசையிலும், நைரோபியில் என்டிவியிலும் பணியாற்றினார். என்டிவியில் வெள்ளிக்கிழமை இரவு ஒளிபரப்பான 'தி டிரெண்ட்' நிகழ்ச்சிதான் அவரைக் கென்யா முழுவதும் பிரபலமாக்கியது. 2018 ஜனவரி 30 அன்று எதிர்க்கட்சித் தலைவர் ரைலா ஒடிங்கா தன்னை 'மக்களின் அதிபர்' என்று அறிவித்துப் பதவி ஏற்றுக்கொண்ட நிகழ்வை நேரலையில் காட்டியதற்காக அரசு தொலைக்காட்சிகளை முடக்கியபோது, கைதாகக்கூடும் என்ற நிலையில் அலுவலகத்திலேயே இரவைக் கழித்த என்டிவி ஊழியர்களில் அவரும் ஒருவர்.

அதே ஆண்டில் அவர் பிபிசி ஆப்பிரிக்காவின் வணிகப் பிரிவு ஆசிரியரானார். அதன் பிறகே, 2019–20 கல்வியாண்டில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு நைட்–பேஜட் உதவித்திட்டத்தின் கீழ் படிக்கச் சென்றார். இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். வணிகச் செய்தியில் ஏற்கெனவே பொறுப்பான பதவியில் இருந்தவர்தான் படிப்பைத் தேடிப் போனார். திரும்பியதும் பிபிசிக்காக வாஷிங்டனிலும், 2021 முதல் சிஎன்என்னுக்காக நைரோபியிலும் பணியாற்றத் தொடங்கினார்.

நைட்–பேஜட் திட்டம் என்றால் என்ன?

பொருளாதாரம், நிதி, வணிகம் பற்றி எழுதும் செய்தியாளர்களுக்காகக் கொலம்பியா இதழியல் பள்ளி 1975 முதல் நடத்திவரும் ஒன்பது மாதத் திட்டம் இது. பெயரில் உள்ள பேஜட், 19-ஆம் நூற்றாண்டில் 'எக்கனாமிஸ்ட்' இதழின் ஆசிரியராக இருந்தவர். ஆண்டுக்கு ஏறத்தாழ பத்துப் பேரை மட்டுமே எடுக்கிறார்கள். கல்விக் கட்டணம் கிடையாது, வாழ்க்கைச் செலவுக்கும் தொகை தருகிறார்கள். தேர்வானவர்கள் கொலம்பியா வணிகப் பள்ளியிலும் சட்டப் பள்ளியிலும் அங்குள்ள எம்.பி.ஏ., சட்ட மாணவர்களுடன் அதே வகுப்பில் உட்காரலாம். குறைந்தது நான்கு ஆண்டுச் செய்திப்பணி அனுபவம் வேண்டும். செய்தித்துறையில் இருக்கும் தொகுப்பாளருக்கு இதைவிடப் பொருத்தமான வழி வேறில்லை என்பது என் கருத்து. பொழுதுபோக்கு நிகழ்ச்சி நடத்துபவருக்கு இது கிடைக்காது.

வேறு எவர் எவர்?

கானாவின் கொம்லா டுமோர் முழுமையாக இந்த வகையில் சேராவிட்டாலும், அவரைச் சொல்லாமல் இருக்க முடியாது. அக்ராவின் ஜாய் எஃப்எம் வானொலியில் காலை நிகழ்ச்சி நடத்தி, 2003-ல் கானாவின் சிறந்த செய்தியாளர் விருது பெற்ற அவர், ஹார்வர்டில் பொது நிர்வாகத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். பிபிசி 2009-ல் தொடங்கிய 'ஆப்பிரிக்கா பிசினஸ் ரிப்போர்ட்' நிகழ்ச்சியின் முதல் தொகுப்பாளர் அவர்தான். பஞ்சம், போர், நோய் என்று மட்டுமே உலகத் திரையில் தெரிந்த ஒரு கண்டத்தைத் தொழிற்சாலைகளும் வங்கிகளும் சந்தைகளுமாகக் காட்டிய பணியில் அவருடைய பங்கு பெரியது. 2014 ஜனவரியில் 41 வயதிலேயே அவர் மறைந்தது ஆப்பிரிக்க ஒளிபரப்புத் துறைக்கு இன்றும் ஈடுசெய்ய முடியாத இழப்பு.

நைஜீரியாவின் மோ அபுடு எதிர்த்திசையில் வந்தவர். லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் பல்கலைக்கழகத்தில் மனிதவள மேலாண்மை படித்து, எண்ணெய் நிறுவனத்தில் மனிதவளப் பொறுப்பு வகித்து, பிறகு சொந்த ஆலோசனை நிறுவனம் நடத்தி, அதற்குப் பின்னரே உரையாடல் நிகழ்ச்சித் தொகுப்பாளரானார். 2013-ல் எபோனிலைஃப் என்ற சொந்த அலைவரிசையைத் தொடங்கினார். 2020-ல் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனத்துடன் பல படைப்புகளுக்கு ஒரே ஒப்பந்தம் செய்துகொண்டார். நிர்வாகம் முதலில், கேமரா பின்னர் என்ற இந்த வரிசைதான் அவரை உரிமையாளர் ஆக்கியது என்று நினைக்கிறேன்.

வெளிநாட்டு வணிகப் பட்டம் இல்லாமலும் இது சாத்தியம் என்பதற்குத் தென்னாப்பிரிக்காவின் பசெட்சானா குமாலோ சான்று. 1994-ல் தென்னாப்பிரிக்க அழகியாகத் தேர்வான இவர், 'டாப் பில்லிங்' நிகழ்ச்சியின் தொகுப்பாளராக நின்றுவிடாமல், அதைத் தயாரித்த நிறுவனத்திலேயே பங்குதாரரானார். முகத்துக்குச் சம்பளம் கேட்பதைவிட நிறுவனத்தில் பங்கு கேட்பது நல்லது என்பதை இருபதுகளிலேயே உணர்ந்திருந்தார்.

எம்.பி.ஏ.தான் படிக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. சொந்தத் தயாரிப்பு நிறுவனம் நடத்த நினைப்பவருக்கு எம்.பி.ஏ. பொருந்தும். வணிகச் செய்தியாளராக நீடிக்க நினைப்பவருக்கு நைட்–பேஜட் போன்ற திட்டமோ, பொருளாதாரத்தில் ஓராண்டு முதுகலையோ போதும். 25 முதல் 35 வயதுக்குள் இருப்பவர்களுக்கு 2014-ல் தொடங்கிய மண்டேலா வாஷிங்டன் உதவித்திட்டம் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஆறு வாரப் பயிற்சி அளித்தது. அதில் வணிகம் ஒரு தனிப் பிரிவு. ஆறு வாரத்தில் வணிகம் கற்றுவிட முடியாது. ஆனால் இரண்டு ஆண்டுகளைக் கொடுக்கத் தகுமா என்று தெரிந்துகொள்ள அது போதுமானதாக இருந்தது.

ஆப்பிரிக்காவிலேயே நல்ல வணிகப் பள்ளிகள் இருக்கும்போது வெளிநாடு எதற்கு?

நியாயமான கேள்வி. லாகோஸ் வணிகப் பள்ளி, நைரோபியின் ஸ்ட்ராத்மோர், கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் வணிகப் பள்ளி, ஜோகன்னஸ்பர்க்கின் கோர்டன் நிறுவனம் ஆகியவை உலகத் தரம் வாய்ந்தவை. உள்ளூர் வாடிக்கையாளர்களையும் வங்கியாளர்களையும் உடன்படித்தவர்களாகப் பெறுவது இங்கேதான் நடக்கும். வேலையை விடாமல் வார இறுதியில் படிக்கவும் இங்கே வழி உண்டு. உள்ளூர் விளம்பரதாரர்களை நம்பியே தொழில் நடத்தப் போகிறவருக்கு, விமானம் ஏறுவதைவிட இதுவே மேல் என்று தயங்காமல் சொல்வேன்.

ஆனால் ஆப்பிரிக்கத் தொலைக்காட்சியின் பணம் இன்று ஆப்பிரிக்காவுக்கு வெளியே முடிவாகிறது. டிஎஸ்டிவி என்ற கட்டணத் தொலைக்காட்சிச் சேவையை நடத்தும் மல்ட்டிசாய்ஸ் நிறுவனத்தைப் பிரான்சின் கனால் பிளஸ் 2025-ல் வாங்கிவிட்டது. அமேசான் பிரைம் வீடியோ 2024 ஜனவரியில் ஆப்பிரிக்காவில் புதிய படைப்புகளுக்கு நிதி தருவதை நிறுத்தியபோது, லாகோஸில் தயாராகிக்கொண்டிருந்த திட்டங்களின் தலையெழுத்து வேறொரு கண்டத்தில் எழுதப்பட்டது. அந்த மேசையில் உட்கார்ந்திருப்பவர்கள் எப்படிக் கணக்குப் போடுகிறார்கள் என்பதை அவர்களுடன் ஒரே வகுப்பில் படித்துத் தெரிந்துகொள்வதற்கு ஒரு விலை உண்டு. அந்த விலை தகுமா என்பதுதான் அடுத்த கேள்வி.

எவ்வளவு செலவாகும்? உதவித்தொகை கிடைக்குமா?

ஹார்வர்டு வணிகப் பள்ளியில் இரண்டு ஆண்டு எம்.பி.ஏ.வுக்கு ஆண்டுக் கல்விக் கட்டணம் மட்டுமே 70,000 டாலருக்கு மேல். பிரான்சின் இன்சியாட் பள்ளியில் பத்து மாதப் படிப்பின் கட்டணம் ஒரு லட்சம் யூரோவைத் தாண்டிவிட்டது. நாணய மதிப்பு சரிந்த நாட்டிலிருந்து பார்த்தால் இது இன்னும் கொடுமையானது. 2023-ன் நடுப்பகுதிவரை ஒரு டாலர் சுமார் 460 நைராவாக இருந்தது. 2024-ல் 1,500 நைராவைக் கடந்தது. அதாவது 70,000 டாலருக்கு முன்பு 3 கோடியே 22 லட்சம் நைரா தேவைப்பட்டது, பின்னர் 10 கோடியே 50 லட்சம். தொகுப்பாளர் சேமித்ததெல்லாம் நைராவில்தான்.

எனவே உதவித்தொகை இல்லாமல் சொந்தப் பணத்தில் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகை 1983 முதல் வழங்கப்படுகிறது. ஓராண்டு முதுகலைக்கு முழுச் செலவையும் ஏற்கிறது. எம்.பி.ஏ. படிப்புக்கு மட்டும் கல்விக் கட்டணத்தில் ஓர் உச்சவரம்பு உண்டு. இரண்டு ஆண்டுப் பணி அனுபவம் வேண்டும். படிப்பு முடிந்ததும் நாடு திரும்பி இரண்டு ஆண்டு இருக்க வேண்டும். இந்த நிபந்தனையைச் சுமையாகக் கருத வேண்டாம். தொகுப்பாளரின் சந்தை அவருடைய நாட்டில்தான் இருக்கிறது.

குடும்பத்துடன் செல்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆய்வுப் படிப்பாக அல்லாமல் வகுப்பறை வழி முதுகலையை, அரசு உதவித்தொகை இல்லாமல் படிக்க வருபவர்கள் கணவரையோ மனைவியையோ குழந்தைகளையோ உடன் அழைத்துவரும் உரிமையைப் பிரிட்டன் 2024 ஜனவரியிலிருந்து நீக்கிவிட்டது.

படிக்கும்போதே சமூக ஊடக விளம்பரங்கள் மூலம் சம்பாதிக்கலாமா?

இந்தக் கேள்வியைக் கேட்காமலே சிக்கிக்கொள்பவர்கள் இருப்பதால் சற்று அழுத்திச் சொல்கிறேன். பிரபலமான தொகுப்பாளருக்கு இன்ஸ்டாகிராம், யூடியூப் விளம்பர வருவாய் சம்பளத்தைவிடக் கூடுதலாக இருக்கலாம். பிரிட்டனின் மாணவர் விசாவில் பருவ காலத்தில் வாரம் 20 மணி நேரம் வேலை செய்ய அனுமதி உண்டு. ஆனால் சுயதொழில் செய்ய அனுமதி இல்லை, தொழில்முறைக் கலைஞராகப் பணியாற்றவும் அனுமதி இல்லை. லண்டன் விடுதி அறையில் உட்கார்ந்து லாகோஸ் வங்கி ஒன்றுக்காக விளம்பரக் காணொளி எடுத்துப் பதிவிடுவது, பணம் நைஜீரியக் கணக்கில் விழுந்தாலும், விசா விதியை மீறியதாகக் கொள்ளப்படலாம். அமெரிக்க மாணவர் விசாவிலும் வளாகத்துக்கு வெளியே வேலை செய்யக் கடுமையான கட்டுப்பாடுகள் உண்டு. நடப்பிலிருக்கும் விளம்பரத் தூதர் ஒப்பந்தங்களைப் புறப்படும் முன்பே முடித்துக்கொள்வது அல்லது நிறுத்திவைப்பது, பல்கலைக்கழகத்தின் விசா அலுவலரிடம் எழுத்து மூலம் கேட்டுக்கொள்வது, இவை இரண்டும் கட்டாயம் செய்ய வேண்டியவை.

விண்ணப்பத்தில் எதைச் சொல்ல வேண்டும்?

எத்தனை லட்சம் பேர் பின்தொடர்கிறார்கள் என்பதைச் சொல்லித் தொடங்காதீர்கள். தேர்வுக் குழுவுக்கு அந்த நிகழ்ச்சியின் பெயரே தெரிந்திருக்காது. எத்தனை பேர் கொண்ட குழுவை நடத்தினீர்கள், ஆண்டுச் செலவு எவ்வளவு, எந்த விளம்பரதாரரை எப்படிக் கொண்டுவந்தீர்கள், ஒருவர் பாதியில் விலகியபோது எப்படிச் சமாளித்தீர்கள் என்பவைதான் அவர்கள் தேடும் தகவல்கள். பரிந்துரைக் கடிதத்தைப் புகழ்பெற்ற அரசியல்வாதியிடம் வாங்குவதைவிட, உங்களைத் தினமும் பார்த்த தயாரிப்பு மேலாளரிடம் வாங்குவது பயன் தரும்.

ஊடகவியல் பட்டம் பெற்றவர்களுக்குக் கணிதம்தான் தடை. வணிகப் பள்ளிகளுக்கான நுழைவுத் தேர்வான ஜிமேட் இப்போது 2 மணி 15 நிமிடம். கணிதம், மொழி, தரவுப் பகுப்பாய்வு என மூன்று பகுதிகள். இவற்றில் இரண்டு எண்களைச் சார்ந்தவை. பள்ளிக் கணிதத்தைத் தொட்டே பத்து ஆண்டு ஆகியிருந்தால், நேரலைக்கு நடுவே படித்துத் தேறிவிடலாம் என்று நம்பக் கூடாது.

வகுப்பில் தொகுப்பாளருக்கு எது எளிது, எது கடினம்?

பேச்சு எளிது. ஹார்வர்டில் ஏறத்தாழ 90 பேர் கொண்ட வகுப்பில், ஒரு நிறுவனத்தின் உண்மைச் சிக்கலை முன்வைத்து, பேராசிரியர் எதிர்பாராமல் ஒருவரைச் சுட்டிப் பேசச் சொல்வார். வகுப்பில் பேசுவதற்கே கணிசமான மதிப்பெண் உண்டு. மற்றவர்கள் நடுங்கும் அந்த நொடியில் நேரலையில் பழகியவருக்கு நா வறளாது. ஆனால் அழகாகப் பேசி எதுவுமே சொல்லாமல் விடும் திறமையும் அதே பழக்கத்தில்தான் வருகிறது. எண்களைப் பார்க்காமல் பேசுபவரை வகுப்பு விரைவில் அடையாளம் கண்டுகொள்ளும்.

ஓராண்டு திரையில் இல்லாவிட்டால் மக்கள் மறந்துவிடுவார்களா?

ஓரளவு மறப்பார்கள். நிகழ்ச்சி வேறொருவர் கைக்குப் போகும். மடோவோ என்டிவியிலிருந்து விலகிய பின்பும் 'தி டிரெண்ட்' அதே பெயரில் வேறு தொகுப்பாளருடன் தொடர்ந்தது. ஏனெனில் பெயர் நிலையத்துக்குச் சொந்தம். பத்து மாதமோ ஓராண்டோ ஆகும் படிப்பைத் தேர்ந்தெடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இந்த அச்சம் உள்ளவர்கள் புறப்படும் முன் தங்கள் ஒப்பந்தத்தை எடுத்துப் படித்துப் பார்க்க வேண்டும்: நிகழ்ச்சியின் பெயர் யாருடையது, பழைய பகுதிகளை மறு ஒளிபரப்புச் செய்தால் தொகுப்பாளருக்குப் பங்கு உண்டா, விலகிய பின் போட்டி நிலையத்தில் சேரத் தடை உண்டா? இவற்றுக்கு விடை தெரியாமலே ஆண்டுக்கணக்கில் கையெழுத்திட்டு வந்தவர்கள்தான் மிகுதி.

ஒளிபரப்புத் தொழிலில் அரசின் பங்கும் வணிகப் படிப்பில் வருமா?

வர வேண்டும், வரும். 2015 பிப்ரவரியில் கென்யா டிஜிட்டல் ஒளிபரப்புக்கு மாறியபோது, நிலையங்களின் ஒளிபரப்புச் சிக்னலை வீடுகளுக்குக் கொண்டுசேர்க்கும் உரிமம் யாருக்கு என்ற பூசலில் என்டிவி, கேடிஎன், சிட்டிசன் ஆகிய மூன்று பெரிய நிலையங்களும் பல நாட்கள் திரையில் இல்லாமல் போயின. உரிமம் பெற்றிருந்த இரண்டு நிறுவனங்களில் ஒன்று சீனத் தொடர்புடையது. அந்நாட்களில் ஒரு தொகுப்பாளரின் திறமையும் புகழும் எதற்கும் உதவவில்லை. ஒழுங்குமுறை, உரிமம், போட்டிச் சட்டம் பற்றிய பாடங்களை விருப்பப் பாடமாகவேனும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எப்போது தொடங்க வேண்டும்?

படிப்பு தொடங்குவதற்குப் பதினெட்டு மாதம் முன்பே. செவனிங் விண்ணப்பம் வழக்கமாக ஆகஸ்டில் திறந்து இலையுதிர் காலத்தில் மூடுகிறது. நேர்காணல் அடுத்த ஆண்டின் தொடக்க மாதங்களில். படிப்பு செப்டம்பரில் தொடங்கும். ஹார்வர்டின் முதல் சுற்று செப்டம்பரிலும் இரண்டாவது சுற்று ஜனவரியிலும் முடிகிறது. விளம்பரதாரர்களுடனான ஒப்பந்தம் காலாண்டு வாரியாக இருப்பதால், கடைசிக் காலாண்டை ஜூன் மாதத்தில் முடியும்படி அமைத்துக்கொண்டு, வரவேண்டிய 90 நாள் நிலுவையை வசூலிக்கும் பொறுப்பை நம்பிக்கையான ஒருவரிடம் எழுத்துபூர்வமாக ஒப்படைத்துவிட்டுப் புறப்படுவது நல்லது.